மெயிலில் வரும் ஹெச்ஆர்

உங்க இன்பாக்ஸ்ல எத்தனை நியூஸ்லெட்டர் திறக்காமலே கிடக்குது? பிளேஸ்மென்ட்டுக்கு உதவும்னு சீனியர் ஒருத்தர் சொல்லி, நானும் ரெண்டு ஹெச்ஆர் நியூஸ்லெட்டருக்குப் பதிஞ்சு வெச்சேன். ஹைப்ரிட் வேலை, கொயட் க்விட்டிங், ஏஐ... வாரா வாரம் இதேதான். எங்க ஊர் தொரப்பள்ளி (ஆமா, ராஜாஜி பிறந்த அதே ஊர்). இங்கிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு ஷிப்ட் போறவங்களுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் எதுக்கு, கம்பெனி பஸ் நேரத்துக்கு வந்தா போதாதா!

ஆனா 2025 நவம்பர் கடைசியில வந்த ஒரு இதழை மட்டும் அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்த மாசம் 21-ஆம் தேதி, 29 பழைய சட்டங்களுக்குப் பதிலா நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருந்தன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். குறிப்பிட்ட காலத்துக்குன்னு கம்பெனியே நேரடியா எடுக்கிறவங்களுக்கு, ஐந்து வருஷம் காத்திருக்காம ஒரே வருஷத்துல கிராஜுவிட்டி. அலவன்ஸ் மொத்தச் சம்பளத்துல பாதியைத் தாண்டினா, தாண்டினது ஊதியக் கணக்குல சேரும். உங்க ஆஃபர் லெட்டர்ல சிடிசியைப் பார்த்து மயங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அக்கா மூணு வருஷமா காண்ட்ராக்ட். கையில இருக்கிறது ஐடி கார்டு மட்டும். "லெட்டர் கேட்டா நாளைக்கு வேலை இருக்குமாடா?"ன்னா. எந்த நியூஸ்லெட்டர்லயும் அதுக்குப் பதில் இல்லை.

போன வாரம் கேட்டே விட்டா. சூப்பர்வைசர் "பாக்கலாம்மா"ன்னாராம்.