ஒன் டன்

அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த நிஸான் ஒன் டன், ஜபல்பூரில் செய்தது. நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அது குடிக்கிற குடிக்கு, "டீசல் இன்ஜின் மாத்திருங்க சார்" என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. அப்பா கேட்கவில்லை. நானும்தான்.

போன மாசம் இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் மகள்.

டிரம்மைக் கழற்றினால், வீல் சிலிண்டரின் ரப்பர் கப் இறுகி வெடித்து, பிரேக் ஆயில் லைனிங் முழுக்க ஊறியிருந்தது. ஆபீஸில் தப்பு நடந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம்.

கடைசியாக கப் மாற்றியது அப்பா. டாஷ்போர்டு உள்பக்கம் அவர் கையெழுத்தில் தேதி, ஆறு வருஷம் முன்னால். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பெயிண்ட் அடிக்க மட்டும் எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

நாலு சக்கரத்துக்கும் புது கப் போட்டு, ஏர் எடுத்து, தேதி எழுதினேன். மகள் இன்னும் ஏற மாட்டேன் என்கிறாள்.