பழம்பாகங்களின் வயது

பழைய மின்னணுச் சாதனங்களிலிருந்து பாகங்களைக் கழற்றிச் சேர்ப்பது எனக்கு இருபதாண்டுப் பழக்கம். கெட்டுப்போன டிவிடி பிளேயரோ கணினியின் பவர் சப்ளையோ கிடைத்தால், பலகையைத் திருப்பி முதலில் பற்றவைப்பைத்தான் பார்ப்பேன். தகரமும் ஈயமும் 63க்கு 37 என்று கலந்த பழைய சால்டர், 183 பாகை செல்சியஸில் உருகி, உறிஞ்சியின் ஓரிழுப்பில் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயக் கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் பரவலான ஈயமில்லாக் கலவைகளோ பெரும்பாலும் 217 பாகையைத் தாண்டினால்தான் இளகும். அவற்றின்மேல் சிறிது பழைய சால்டரை வைத்து உருக்கினால் பிடிவாதம் குறையும்.

கழற்றுவது கைப்பழக்கம், எதை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. ட்ரான்ஸ்ஃபார்மரும் அலுமினிய வெப்பத்தகடும் எளிதில் மூப்படைவதில்லை. எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள், கடைக்காரர் மொழியில் கண்டன்சர்கள், அப்படியல்ல. உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல வற்றுகிறது. அளந்து பார்த்தால் கொள்ளளவு சரியென்றே மீட்டர் காட்டக்கூடும். உள்தடை மட்டும் ஏறியிருக்கும். பார்வைக்கு வயது தெரியாத பொருள். ஆகவே அவற்றைக் கழித்துவிட்டு, மற்றவற்றைச் சிறு உறைகளில் இட்டு, எந்தச் சாதனத்திலிருந்து எந்த ஆண்டு எடுத்தது என்று மேலே எழுதிவைக்கிறேன்.

சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பெரியவர், மறைந்த தம் மனைவியின் ட்ரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுவந்தார். ஒலியைப் பெருக்கும் ஏசி 128 என்ற ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர் பழுதாகியிருந்தது. சிலிக்கான் வந்தபின் வழக்கொழிந்த வகை. என் உறையொன்றில் ஒன்று இருந்தது.

"ஐயா, இதுவும் பழசுதான். எத்தனை நாள் வரும்னு சொல்ல முடியாது" என்றேன்.

"சொல்லிட்டுப் போடறீங்களே தம்பி, அது போதும்" என்றார்.

அந்தச் சொல்லின் எடை எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. அமெரிக்க செனட்டின் ஆயுதப்படைக் குழு 2012 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009, 2010 ஆகிய ஈராண்டுகளில் ராணுவ வழங்கல் சங்கிலியில் போலியென ஐயத்துக்குரிய சுமார் 1,800 நிகழ்வுகளை அது கண்டறிந்தது. பாகங்களின் எண்ணிக்கையோ பத்து லட்சத்துக்கு மேல். அவற்றின் முதன்மையான ஊற்று சீனா என்றது அறிக்கை. மின்குப்பையிலிருந்து பெயர்த்த சில்லுகளைக் கழுவி, மேலே பொறித்த எண்ணைத் தேய்த்தழித்து, புதிய எண்ணும் தேதியும் அச்சிட்டு, புதியவையென்று விற்கும் வழக்கத்தை அது விவரிக்கிறது. சில விமானங்கள் வரை போய்ச் சேர்ந்திருந்தன.

அங்கே நடந்ததும் சால்டரை உருக்கிப் பாகத்தை எடுப்பதுதான். என் மேசையில் நடப்பதும் அதுவே. இடையிலிருப்பது ஓர் உப்புத்தாளின் உரசல். பழைய பொருளை மறுபடி புழங்குவதில் குற்றமில்லை, சிக்கனம்கூட. அதன் வயதை அழிக்கும்போதுதான் வாங்குபவனின் உயிர் பணயமாகிறது. உறையின்மேல் எழுதும் இரண்டு வரிகளுக்காக நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. பாகத்தைவிட அவ்வரிகளே மதிப்புள்ளவை என்று இப்போது தோன்றுகிறது.