பாலாவி வீட்டுச் செலவு: ஒரு நாட்குறிப்பு

2021 ஒக்டோபர்

பாலாவி வீடுகளில் சிக்கனப் பேச்சைத் தொடக்கி வைத்தது சமையல் எரிவாயுவின் விலை. 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் இம்மாதம் 2,675 ரூபாயாகிவிட்டது. கொழும்பு - புத்தளம் வீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் சந்தியில் இருக்கும் ஊர் இது. களப்பும் உப்பளமும் சீமெந்துத் தொழிற்சாலையும் தென்னந்தோட்டங்களும் சூழ்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இந்தச் சுற்றுவட்டத்திலேயே தங்கிவிட்டன. உப்பள வேலை, மீன்பிடி, தோட்டக் கூலி, சிறுகடை என்று வருமானம் நாளுக்கு நாள் கூடிக் குறையும் வீடுகள் இங்கே அதிகம். அத்தகைய வீட்டில், மாதக் கட்டணங்களைவிட ஒரே நாளில் கையிலிருந்து மொத்தமாகப் போகும் சிலிண்டர் பணமே கடுமையானது.

எதையும் வாங்காமலே எரிவாயுவைக் குறைக்கும் வழிகள் சில உண்டு. பயறு, கடலை, கௌபி ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தால் அவியும் நேரம் பாதியளவுக்குக் குறையும். கொதி வந்தபின் சுவாலையைத் தணித்தாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும், ஏனெனில் கொதிக்கும் நீரின் வெப்பநிலை நெருப்பைக் கூட்டுவதால் ஏறுவதில்லை. மூடி போடாத சட்டியில் வெப்பத்தின் நல்ல பங்கு நீராவியோடு போகிறது. எரிவாயுவை மிச்சம் பிடிக்க வாங்கத் தகுந்த பொருள் ஒன்றுதான்: பிரஷர் குக்கர். பருப்பும் இறைச்சியும் அடிக்கடி சமைக்கும் வீட்டில் அதன் விலை காலப்போக்கில் திரும்பிவிடும்.

2022 ஏப்ரல்

சிலிண்டர் 4,860 ரூபாய். அந்த விலைக்கும் கிடைப்பதில்லை. வெற்றுச் சிலிண்டர்கள் வீதியோரமாக வரிசையில் நிற்கின்றன. கொல்லைப்புறத்து விறகடுப்பு மறுபடி எரிகிறது.

இந்த ஊரில் விறகு என்றால் மரம் வெட்டுவது அல்ல. காய்ந்த தென்னமட்டை, பாளை, பன்னாடை, பொச்சுமட்டை, சிரட்டை எல்லாம் தென்னை தானாகவே உதிர்ப்பவை அல்லது தேங்காயோடு வருபவை. சிரட்டை சூடாகவும் சீராகவும் எரியும். பொச்சு புகையும், ஆனால் தணல் நீண்ட நேரம் நிற்கும். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் மிகப் பெரிய பகுதி பக்கங்களால் வீணாகிறது. இதற்கு மாற்றாக 1980களில் இலங்கையில் பரப்பப்பட்டது ‘அனகி’ என்னும் களிமண் அடுப்பு. ஒரே தீவாய், இரண்டு சட்டி வைக்கும் இடம். முன்னே சோறு கொதிக்கும்போது பின்னே கறி வேகும். விறகுச் செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதே அதைப் பரப்பியவர்களின் கணக்கு. சந்தையில் கிடைக்கும் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களில் விலைக்கு ஏற்ற பயன் இதைப்போல் தருவது குறைவு.

ஒரு எச்சரிக்கை தேவை. விறகுப் புகை நுரையீரலுக்குத் தீங்கானது, பெண்களும் சிறுபிள்ளைகளுமே அதை அதிகம் சுவாசிக்கிறார்கள். அடுப்பு வெளித் திண்ணையிலோ புகைக்கூண்டின் கீழோ இருக்க வேண்டும். மூடிய அறைக்குள் விறகு எரித்து மிச்சம் பிடிக்கும் பணம் மருந்துக்கே போய்ச் சேரும்.

2022 ஓகஸ்ட்

10ஆம் திகதி மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. முதல் 30 அலகுகளுக்கு அலகொன்று 2 ரூபாய் 50 சதமாக இருந்தது, இப்போது 8 ரூபாய். அதே மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. கடந்த மார்ச் 31இல் நாடு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. அந்த இருட்டுக்குப் போத்தல் விளக்கை நம்பிய வீடுகளுக்கு மண்ணெண்ணெய் விலை இரட்டை அடி. மின்னேற்றும் எல்ஈடி விளக்கு ஒன்று அந்த மண்ணெண்ணெய்ச் செலவை முழுதாக ஒழித்துவிடுகிறது.

பழைய 60 வாற் குமிழ் நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாற் எல்ஈடி குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. மூன்று குமிழ் மாற்றினால் 20 அலகுக்கு மேல் குறையும். கற்பிட்டி வீதியில் சற்றுத் தூரத்திலேயே 900 மெகாவாற் வலுவுள்ள நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. ஆனால் கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால், அதன் அயலில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சதமும் குறைவதில்லை.

2022 நொவம்பர்

மழை. உப்பளக்காரருக்கு இது கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் காலம். வீட்டுக்காரருக்கோ ஆண்டின் மிகப் பெரிய வரவு.

புத்தளப் பகுதி உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், அதிலும் ஒக்டோபர், நொவம்பர் மாதங்களில்தான் கூடுதலாக விழும். நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை பரந்திருப்பதால் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீர். களப்பை அண்டிய இடங்களில் உவர்ப்பும் சேரும். குடிப்பதற்குச் சுத்திகரித்த நீரைக் கானில் காசுக்கு வாங்குவது புத்தளம் மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது.

50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர். சிந்துவது, ஆவியாவது, முதல் மழையில் கழுவி விடுவது எல்லாம் போக 4,000 லீற்றர் தாங்கிக்கு வரும். 1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் அறிமுகமான பூசணி வடிவ பெரோசீமெந்துத் தாங்கி 5,000 லீற்றர் கொள்ளும். அவ்வளவுக்கு வசதி இல்லாத வீட்டில் பழைய நீல பீப்பாய் இரண்டு போதும். பீலிக்குத் தகரம் வேண்டாம். உப்புக்காற்று அதைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். பிவிசி பீலி நிற்கும். கோடை முழுதும் கூரையில் படிந்த தூசியோடு வரும் முதல் மழையைத் திருப்பி வெளியே விட வேண்டும். தாங்கியின் வாயை நுண்வலையால் கட்ட வேண்டும், இல்லையேல் டெங்கு நுளம்பு குடிபுகும். குடிக்கும் நீரைக் கொதிக்க வைக்க வேண்டும்.

மழைநீரால் வரும் இன்னொரு மிச்சத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சவர்க்காரம். வன்னீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெண்படிவாகிவிடுவதால் நுரை எழ நேரமாகும், துணி வெளுக்காது, கட்டி வேகமாகக் கரையும். மழைநீரில் துவைத்தால் அதே துணிக்குச் சவர்க்காரம் வெகு குறைவாகவே செல்லும். மின்கேத்தலின் கம்பியில் படியும் சுண்ணாம்பு ஓடும் வராது. அந்த ஓடு தடித்த கேத்தல் நீரைச் சூடாக்க அதிக நேரம் எடுக்கும்.

2023 பெப்ரவரி 16

மின்கட்டணம் மீண்டும் உயர்ந்தது, சராசரியாக 66 வீதம். முதல் 30 அலகு இப்போது 30 ரூபாய் வீதம், அடுத்த 30 அலகு 37 ரூபாய் வீதம். இந்த அட்டவணையை ஒவ்வொரு வீட்டாரும் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும், ஏனெனில் மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.

மாதம் 60 அலகு பாவித்த வீட்டுக்கு அலகுக் கட்டணம் 2,010 ரூபாய், நிலையான கட்டணம் 550 ரூபாய், மொத்தம் 2,560. ஒரே ஒரு அலகு கூடி 61 ஆனால், முதல் அலகிலிருந்தே 42 ரூபாய் வீதமாகிவிடும். நிலையான கட்டணமும் 650 ஆகிறது. மொத்தம் 3,212 ரூபாய். அந்த ஒரு அலகின் விலை 652 ரூபாய். 90 அலகைத் தாண்டினாலும் இதே கதை: 90க்கு 4,430 ரூபாய், 91க்கு 5,330 ரூபாய். ஆகவே 75 அலகை 70 ஆக்குவதில் 210 ரூபாய்தான் மிஞ்சும். 64 அலகை 60 ஆக்குவதிலோ 778 ரூபாய் மிஞ்சும். எவ்வளவு குறைக்கிறோம் என்பதோடு, எந்த எல்லைக்கு இப்பால் நிற்கிறோம் என்பதும் எண்ண வேண்டியது. மின்மானி வாசிக்க வந்து போன நாளைக் கலண்டரில் குறித்து, பத்தாம் நாளும் இருபதாம் நாளும் மானியைப் பார்த்தால் மாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். இதற்குக் காசு தேவையில்லை.

சிறு வீட்டில் 60 அலகு எதற்குப் போகிறது? குளிர்சாதனப்பெட்டி நாளொன்றுக்கு ஒரு அலகு என்று வைத்தாலும் மாதம் 30. பாதி அங்கேயே முடிந்தது. கதவின் இறப்பர் விளிம்பில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்தால் குளிரும் அப்படியே வெளியே போகிறது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட இடம் வேண்டும். குடிநீரை மண்குடத்தில் வைத்தால் பெட்டிக் கதவு திறபடும் தடவைகள் குறையும். களப்பு மீன் நாள்தோறும் கிடைக்கும் ஊரில் ஒரு கிழமை மீனை வாங்கி உறைய வைப்பதில் பொருளில்லை. மிஞ்சும் மீனுக்கு உப்பும் வெயிலும் இருக்கின்றன, கருவாட்டுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

துணி மினுக்குவது கிழமைக்கு ஒரே தடவையாக இருக்கட்டும்; ஒவ்வொரு காலையும் ஒரு சட்டைக்காக மின்னழுத்தியைச் சூடேற்றுவது இந்த அட்டவணைக்குக் கட்டாது.

2023 மார்ச், நோன்பு

விடியலுக்கு முந்திய சஹர் உணவுக்கு எழும் வீடுகளில் விளக்கும் அடுப்பும் ஓய்வதில்லை, மின்மானியும் அப்படியே. ஆனால் எரிபொருள் மிச்சத்தின் சிறந்த எடுத்துக்காட்டும் இதே மாதத்தில்தான் இருக்கிறது. பள்ளிவாசலில் ஒரே பெரிய சட்டியில் விறகில் காய்ச்சி, வீடுவீடாகப் பாத்திரத்தில் வாங்கிச் செல்லும் நோன்புக் கஞ்சிதான் அது. அதே கஞ்சியைத் தனித்தனி அடுப்பில் காய்ச்சினால் எரிபொருள் பன்மடங்கு ஆகும், ஏனெனில் ஒவ்வொரு சிறு சட்டியும் தன் பங்குக்கு வெப்பத்தை இழக்கும். கொண்டுபோகும் பாத்திரம் வீட்டுத் தூக்குச்சட்டியாக இருந்தால் பொலித்தீன் பையும் தேவையில்லை.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்த நீரை வடிகாலில் விடாமல் தென்னை, வாழை அடிக்கு ஓடவிடுவது பல வீடுகளில் முன்பே உள்ள பழக்கம். சவர்க்காரம் கலவாத நீர் என்பதால் மரத்துக்கும் கேடில்லை.

2023 ஏப்ரல்

சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும் மாதம். சீற் போட்ட கூரையின் கீழ் மின்விசிறி பகலிரவாகச் சுழல்கிறது. 75 வாற் விசிறி நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 22 அலகுக்கு மேல். சீற்றின்மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பதும், கிடுகு பரப்புவதும், மேற்குச் சுவரோரம் முருங்கையோ வாழையோ நடுவதும் அந்த மணிநேரங்களைக் குறைக்கும். இடம்பெயர்ந்து வந்த காலத்துக் கிடுகுக் குடிசையில் மழை ஒழுகியது, தீப்பயம் இருந்தது, அதற்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை. வெப்பத்தை மட்டும் அது தடுத்தது.

2024 டிசம்பர்

தேங்காய் ஒன்று 200 ரூபாயை எட்டுகிறது. தென்னை முக்கோணத்துக்குள் இருக்கும் ஊரிலேயே இந்த நிலை.

தேங்காய்ப்பூவைச் சிறிது வெந்நீர் விட்டுப் பிழிந்தால் பால் நன்றாக இறங்கும். மறுபாலில் கறியை வேகவைத்து முதற்பாலை இறக்கும்போது விடுவது பழைய முறை. சிரட்டை அடுப்புக்கு. தும்பு பாத்திரம் துலக்க, அடுப்புச் சாம்பலோடு சேர்த்தால் சட்டி கழுவும் திரவம் பாதி போதும்.

முற்றத்தில் ஓரிரு தென்னை நிற்கும் வீட்டுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. பொச்சுமட்டை தன் நாருக்குள் நீரை உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும். அதை மரத்தைச் சுற்றி அகழ்ந்த குழியில் உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால், வரட்சியில் வேருக்கு ஈரம் கிடைக்கும். இதே மாவட்டத்தின் லுணுவிலையில் 1929 முதல் இயங்கிவரும் தென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஈரம் காக்க இதைப் பரிந்துரைக்கிறது. பொச்சுச் சாம்பலில் பொட்டாசியமும் உண்டு, அது தென்னை அதிகம் கேட்கும் சத்து. எரிக்கவும் புதைக்கவும் இரண்டுக்கும் போதிய பொச்சு இல்லாத வீட்டில், விலை இப்படி இருக்கும்வரை, புதைப்பதே இலாபம்.

2025 ஜனவரி 17

மின்கட்டணம் குறைந்தது. முதல் 30 அலகு 4 ரூபாய் வீதம். இரண்டாண்டுக்குள் 30 ரூபாயிலிருந்து 4 ரூபாய்.

கடன் வாங்கிக் கூரைச் சூரியத் தகடு போட எண்ணுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். 2023 பெப்ரவரிக் கட்டணத்தை வைத்து ‘இத்தனை ஆண்டில் முதல் திரும்பும்’ என்று போட்ட கணக்கு இன்று பொருந்தாது. மாதம் 180 அலகுக்கு மேல் பாவிக்கும் வீட்டுக்கும், நாள் முழுதும் குளிர்ப்பெட்டி ஓடும் கடைக்கும் தகடு இன்னும் தகும். 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு அது தேவையில்லாத செலவு. போடுபவர்கள் உப்புக்காற்றுக்கு நிற்கும் சட்டத்தையும் ஆணிகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

2025 நொவம்பர் 1

கடைகளில் பிடியுள்ள பொலித்தீன் பையை இனி இலவசமாகக் கொடுக்க முடியாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும். பனையோலை உமலோ துணிப்பையோ கையோடு கொண்டுபோனால் அந்தக் காசு மிஞ்சும். மிஞ்சுவது மாதத்துக்குச் சொற்பம்தான், பெரிதாகச் சொல்வதற்கில்லை. பொதி செய்யும் விதத்தில் உண்மையான செலவு இருப்பது சிறு பக்கற்றில். 20 மில்லிலீற்றருக்கும் 20 கிராமுக்கும் உட்பட்ட சஷேக்கள், உணவும் மருந்தும் நீங்கலாக, 2021இல் தடைசெய்யப்பட்டன. உணவுப் பொருளில் அவை தொடர்கின்றன. சிறு பக்கற்றில் வாங்கும் தூளின் கிராம் விலையைப் பெரிய பக்கற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடையிலேயே அரை நிமிட வேலை. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

சமையலறைக் கழிவு, இலைச்சருகு, மீன் கழுவிய நீர் ஆகியன கூட்டெருவுக்கும் மரத்தடிக்கும் போனால் வெளியே தள்ளும் குப்பையில் பெரும்பங்கு குறையும். 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. கொழும்புக் குப்பைக்கு ஒதுக்கப்பட்ட இடம் இதே மாவட்டத்தின் அருவக்காடு. அதை எதிர்த்துப் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2019இல் குப்பை வந்து சேர்ந்தது. பாலாவியின் குப்பையும் எங்கேயோ ஒருவர் வீட்டு அயலில்தான் கொட்டப்படுகிறது. மக்கும் பங்கையாவது அவரவர் முற்றத்திலேயே புதைத்துவிட வேண்டும்.