பூக்குமுன் தெரிய வேண்டும்

ஆடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு விதைப்பண்ணை வயல். சம்பாவுக்கு நட்ட சி.ஆர். 1009 ரக நெல் தூர் கட்டத் தொடங்கியிருந்தது. களைச்செடி சேகரிக்க வந்த வேளாண் கல்லூரி மாணவர்களோடு நானும் வயலில் இறங்கினேன். களையெடுக்கும் பெண்கள் எங்களுக்கு முன்னே வரிசையாகக் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

கோரையின் தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். ஆரைக்கீரைக்கு நாலிலை. கரிசலாங்கண்ணியைக் கசக்கினால் விரல் கறுக்கும். இவற்றை மாணவர்கள் மளமளவென்று குறித்துக்கொண்டார்கள். குதிரைவாலிப் புல்லில்தான் எல்லோரும் தயங்கி நின்றார்கள். இளம் பருவத்தில் அது நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும். நாற்றங்காலிலேயே முளைத்து, நாற்றுமுடியோடு கட்டுண்டு வந்து, நெல்லுக்கு நடுவே வரிசையில் நடப்பட்டும் விடும். வரிசைக்கு வெளியே நிற்பதுதான் களை என்று எண்ண வழியில்லை.

பாடத்தில் உள்ள சோதனை நம்பகமானது. இலைத்தாள் தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளைச் சவ்வு நாக்குப்போல நீண்டிருக்கும். இருபுறமும் மயிர் முளைத்த சிறு மடல்கள். குதிரைவாலியில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். முதிர்ந்த இலையில் மடல் உதிர்ந்துவிடும் என்பதால் இளம் இலையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாணவர் ஒவ்வொரு செடியாக விரித்துப் பார்ப்பதைக் கண்ட அம்மா ஒருவர், "பாத்துக்கிட்டே இருந்தா பொழுது போயிரும் தம்பி, தாளை நீவிப் பாருங்க" என்றார். நீவினோம். நெல்லின் தாள் சுரசுரத்தது, குதிரைவாலி வழுக்கியது. பல செடிகளில் அடித்தண்டும் சிவந்திருந்தது. அவர் கை நெல்லை ஒதுக்கி, புல்லின் அடியைப் பற்றி, வேரோடு வாங்கியது. நடுவில் அறுந்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று, அறுந்ததை மட்டும் நின்று தோண்டி எடுத்தார். இதை அனுபவம் என்று பொதுவாகச் சொல்லிக் கடப்பது எனக்குச் சம்மதமில்லை. சவ்வைத் தேடும் சோதனையைப் போல இதுவும் முறையான சோதனைதான், வேகம் மட்டும் அதிகம்.

காட்டு நெல்லிடம் இந்த இரண்டு சோதனையும் செல்லாது. அதுவும் நெல்தான், சவ்வும் உண்டு, சுரசுரப்பும் உண்டு. கதிர் வந்தபின் நீண்ட மீசையும் தொட்டால் உதிரும் மணியுமே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆதார விதை வயலில் அதற்கான உச்ச வரம்பு 0.01 சதவீதம், சான்று விதை வயலில் 0.02. அதனால் கதிர் பருவத்தில் கலவன் பிடுங்க இதே பெண்கள் மறுபடி இறங்குவார்கள்.

செய்முறைத் தேர்வுக்குச் சேகரிக்கும் செடி பூவோடு இருக்க வேண்டும் என்பார்கள். வகைப்பாட்டுக்கு அது சரி. ஆனால் குதிரைவாலி, நெல் அறுப்புக்கு முன்பே விதையை உதிர்த்துவிடுகிறது. பூத்த பிறகு அடையாளம் கண்டால் அடுத்த போகத்துக் களை ஏற்கெனவே சேற்றில் விழுந்திருக்கும். காகிதத்தில் அழுத்தி உலர்த்திய செடியில் வழுக்கலும் சுரசுரப்பும் தெரியப்போவதில்லை. நட்டு மூன்று வாரமான வயலில், ஈரம் காயாத தாளை மாணவர் கையில் கொடுத்து அந்தத் தேர்வை நடத்த வேண்டும். மதிப்பெண் போடும் இடத்தில் இந்தப் பெண்களில் ஒருவரும், அன்றைய கூலியோடு, இருக்க வேண்டும்.