துருப்பின் மூன்று நிலைகள்

சீட்டாட்டத்தைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவது தகுமோவெனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். பணயம் வையாத ஆட்டத்தையே ஈண்டுக் குறிக்கின்றேன். அதுவும் கணினிக்கு அதனைக் கற்பிக்கும் முறை பற்றியே.

யாழ்ப்பாணத்தார் விரும்பியாடும் முந்நூற்றுநாலு என்னும் ஆட்டத்திற்குச் சீட்டுகள் 32. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என மதிப்பு வரும். எட்டுக்கும் ஏழுக்கும் 0. ஓரினத்திற்கு 76 ஆக, நான்கினத்திற்கும் 304. தஞ்சையில் எம்முடன் பயிலும் ஈழத்து நண்பர் ஒருவர் வாயிலாக இதனையறிந்து, அவருடன் கூடி இதற்கொரு நிரல் எழுதத் தொடங்கினோம். நிரலில் சீட்டுக்கு ஒரு வகுப்பும் ஆட்டத்திற்கு ஒரு வகுப்பும் அமைத்தல் வேண்டும். வகுப்பாவது, ஒரு பொருளுக்கு இன்னின்ன பண்புகள் உண்டென முன்னரே வரையறுத்து வைப்பது.

ஏழாஞ் சீட்டில் இடரில்லை. அதற்கு மதிப்பு உண்டு, அம்மதிப்பு சுழி. துருப்பின் செய்தியோ வேறு. நால்வர்க்கும் நந்நான்கு சீட்டு வழங்கி ஏலம் முடியும்வரை துருப்பென ஒன்று பிறக்கவேயில்லை. ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தபின் துருப்பு உண்டு. வைத்தவர் அறிவார், ஏனையோர் அறியார். இவ்விரு நிலைக்கும் 'நல்' என்னும் ஒரே குறியை இட்டால் போதுமென்றார் தோழர் ஒருவர். (ஆங்கிலத்தில் இன்மையைக் குறிக்கும் அச்சொல், தமிழெழுத்தில் நன்மையாகிவிடுவது வேடிக்கையே. 1965-இல் அக்குறியை அல்கால் டபிள்யூ என்னும் மொழியிற் புகுத்திய டோனி ஹோர் என்னும் அறிஞர், அது தமது நூறு கோடி டாலர்ப் பிழையென 2009-இல் தாமே நொந்துரைத்தார்.)

ஈழத்து நண்பர் இசையவில்லை. "பிறவாததும் மறைந்திருப்பதும் ஒன்றாகுமோ?" என்றார். அவருடைய சிற்றப்பா 2009-இல் போரின் இறுதி நாள்களிற் காணாமற்போனவர். இறப்புச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுமாறு பலர் வற்புறுத்தியும் சிற்றன்னையார் உடன்பட்டிலர். இறந்தார் என்னாது, காணப்படவில்லை என்று மட்டுங் கூறும் சான்றிதழுக்கு 2016-ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டம் இடமளித்தது. அதனையே அவர் பெற்றார். இவற்றை நண்பர் மெல்லிய குரலிற் கூறி முடித்தபின் 'நல்' பற்றி எவரும் பேசவில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த சாமிநாதையர், செல்லரித்த ஏடுகளைத் தேடியலைந்து 1894-இற் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. 269 ஆவதை 267 ஆக்கியிருப்பின் 398 பாடல்களும் இடையறாது நிற்கும். இழப்பும் கண்ணுக்குப் புலப்படாது. இன்றும் அவ்விரண்டு எண்களும் பாட்டின்றியே தம்மிடத்தில் நிற்கின்றன. அடி சிதைந்த பாடல்களிற் சிதைந்த இடம் இதுவென்பதும் தெரிகின்றது. ஒரு சொல்லைத் தாமே பெய்து நிரப்புதல் புலமை மிக்கார்க்கு அரிதன்று. பெய்யாமையையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

எம் நிரலில் இப்பொழுது துருப்புக்கு மூன்று நிலைகள் உள: தேர்வாகாதது, கவிழ்ந்தது, வெளிப்பட்டது. கவிழ்ந்திருக்குங்கால், வினவுவோர் யாவரென நோக்கியே நிரல் விடை கூறும். வைத்தவர்க்கு இனத்தைச் சொல்லும். பிறர்க்கு, 'உளது' என்பதோடு நிற்கும். முதல் நிலைக்குப் பெயரிட்டவன் யான். 'கவிழ்ந்தது' என்பதில் நண்பருக்கு மனநிறைவில்லை. வேறொரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கின்றார்.