சூரியனுக்கு ஏது சுவிச்?

சித்திரையும் ஐப்பசியும் பிறந்துவிட்டால் ருவான்வெல்லைப் பகுதியிற் பிற்பகலை நம்புவதற்கில்லை. காலையிற் பால் வெட்டப் போனவர்கள் இறப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புமுன் மலைப்பக்கம் இருண்டுவிடும். சற்று நேரத்தில் இடி முழங்கும். "பிளக்கைக் கழற்றுங்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் குரல் கொடுப்பர். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அது நல்ல புத்திமதியே. ஆனால், கூரைமேற் சூரியத் தகடுகளை ஏற்றிவைத்த வீட்டில் எந்தப் பிளக்கைக் கழற்றுவது?

2016 ஆம் ஆண்டில் "சூரிய பல சங்கிராமய" என்னும் அரசாங்கத் திட்டம் தொடங்கியபின் நம் நாட்டுக் கூரைகளில் இத்தகடுகள் பெருகின. அவற்றை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது 2025 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டின்போதுதான் பலருக்கு உறைத்தது. தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும் விடுமுறை, மின்சாரத் தேவை குறைவு, வெயிலோ கடுமை. மிகுதியாகும் மின்சாரத்தால் நாட்டின் மின்வலை தளம்பும் என்று அஞ்சிய இலங்கை மின்சார சபை, பகல்வேளையில் அவற்றை நிறுத்திவைக்குமாறு வேண்டிக்கொண்டது. அவ்வாண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரமின்றிக் கிடந்ததை அப்போது யாரும் மறந்திருக்கவில்லை.

நிறுத்துவது எளிது; ஆனால் அதற்கொரு வரிசை உண்டு. முதலில், இன்வேர்ட்டரிலிருந்து வீட்டு மின்சாரத்துக்குச் செல்லும் ஆடலோட்ட ஆளியை அணைக்க வேண்டும். அடுத்து, கூரையிலிருந்து இறங்கும் நேரோட்ட ஆளியை அணைக்க வேண்டும். மின்கலம் இருப்பின் அதற்குரிய ஆளியையும் அணைக்க வேண்டும். பின்னர், பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் நிமிடங்கள் கழியும்வரை யாரும் அதைத் திறக்கலாகாது. உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இந்த வரிசை ஏன் என்று மாணவர் கேட்பர், கேட்கவும் வேண்டும். நம் வீட்டு ஆடலோட்டம் செக்கனுக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால், ஆளி பிரியும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். நேரோட்டம் அப்படியன்று. ஓட்டம் பாயும்போது இணைப்பை இழுத்துப் பிரித்தால் இடைவெளியில் மின்வில் தோன்றி நின்றெரியும். கையையும் கூரையையும் சுடும். ஆடலோட்டத்தை முதலில் நிறுத்தினால் இன்வேர்ட்டர் மின்சாரத்தை இழுப்பதை விட்டுவிடும். நேரோட்ட ஆளி சுமையின்றிப் பிரியும்.

ஊரில் மின்சாரம் போனால், மின்கலம் இல்லாத சாதாரண இன்வேர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. அதைக் கண்டு "எல்லாம் செத்துவிட்டது" என்று எண்ணுவோர் பலர். ஒரு தகடு ஏறத்தாழ 40 வோல்ற்று தருமானால், தொடராய் இணைத்த பத்துத் தகடுகள் 400 வோல்ற்றுத் தரும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்றுத்தான். வெளிச்சம் உள்ளவரை, முகில் மூடியிருந்தாலுங்கூட, தகட்டிலிருந்து நேரோட்ட ஆளி வரையிலான கம்பிகளில் உயிர் இருக்கும். குருகொட ஓயா பெருகி வீட்டினுள் வெள்ளம் வந்துவிட்டால், ஆளியை அணைக்கவென்று நீரில் இறங்கக் கூடாது.

இனிப் பச்சை மஞ்சட் கம்பி. "ஏர்த் வயர்" என்று நாம் வழங்கும் இந்தப் புவித்தொடுப்பையே ஆட்கள் மிக அலட்சியமாக நடத்துகின்றனர். நாம் பார்த்த ஒரு வீட்டில் அது கூரை வரை ஒழுங்காய் வந்து, அங்கே ஒரு துருப்பிடித்த ஆணியிற் சுற்றப்பட்டிருந்தது! லயத்துக் கூரையை எண்ணிப் பாருங்கள். ஒரே வரிசையிற் பல குடும்பங்கள். தகரத்தின்மேல் தகரம் ஏறிக் கடைசி வீடு வரை தொடர்கிறது. ஒரு வீட்டுத் தகட்டுக் கம்பியின் காப்பு வெடித்துத் தகரத்தைத் தொட்டால், தகடே இல்லாத கோடி வீட்டுப் பிள்ளையும், கொடியில் ஈரத்துணி போடும் தாயும் ஆபத்துக்குள்ளாவர். தகட்டின் சட்டம், அதைத் தாங்கும் தண்டவாளம், இன்வேர்ட்டரின் உடல் ஆகிய அனைத்தும் புவியோடு பிணைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்கு மண்ணுக்குள் இறங்க வழியுண்டு.

தகட்டுக்கெனத் தனியாக ஒரு கோலை நட்டுவிட்டுச் செல்வதும் போதாது. அதனை வீட்டின் பழைய புவிக்கோலுடன் தடித்த கம்பியால் இணைக்க வேண்டும். இல்லையேல், அருகில் மின்னல் விழும்போது இரு கோல்களுக்கும் இடையே பெரும் அழுத்த வேறுபாடு எழுந்து, அது வீட்டுச் சாமான்களின் ஊடாகவே பாயும். மின்னலுக்குரிய மிகையழுத்தக் காப்பும் நல்ல புவித்தொடுப்பு இருந்தால்தான் பயன்படும். நேரே கூரையில் விழும் மின்னலைத் தடுக்கும் கருவி இதுவென்று யாரும் நம்பிவிடலாகாது.

மழைநாட்டு மண்தானே என்றும் ஏமாறக் கூடாது. கபுக்கல்லும் பாறையுமான மேட்டு நிலம் தை, மாசி வெயிலிற் காய்ந்துவிடும். அப்போது புவித்தொடுப்பின் தடை கூடும். அளப்பதாயின் அம்மாதங்களிலேயே அளக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் வெறுஞ் செப்புக் கம்பியை நேரே முடுக்கினால் ஈரத்தில் அரித்துப்போகும். ஈயம் பூசிய அல்லது துருவேறா உருக்குப் பிடிகளே தகும்.

தகரம் மாற்றவென்று தகடுகளை இறக்கும் நாளிற் பச்சை மஞ்சட் கம்பியைக் கடைசியாகவே கழற்ற வேண்டும். மீண்டும் ஏற்றும்போது அதையே முதலிற் பூட்ட வேண்டும். இது உரிமம் பெற்ற மின்னியலாளரின் வேலை. அவர் வரும்போது, புவித்தொடுப்பை அளந்து கண்ட எண்ணையும் திகதியையும் இன்வேர்ட்டர்ப் பெட்டியருகே எழுதி ஒட்டித் தரும்படி கேளுங்கள். அதன் கீழே, எந்த ஆளி முதலாவது, எது இரண்டாவது என்பதை வீட்டுப் பிள்ளைகளே தமிழிற் பெரிதாக எழுதி வைக்கட்டும்.