மொத்தம் எத்தனை ஏக்கர்?

மலையடிவார முட்காடு ஒன்று வெட்டப்படுவதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ஊர்க்காரர்களுக்காக நான் ஆஜரான வழக்கு அது. நிலம் பட்டா நிலம். ஆனால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த காடு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதித்தால்தான் மரத்தில் கை வைக்கலாம். எதிர்த்தரப்பு சீனியரிடம் அனுமதி இருந்தது. சர்வே எண்ணுக்கு ஒன்றாகப் பதினேழு! "இதில் எது செல்லாது? நண்பர் சொல்லட்டும்" என்றார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எதிலும் குறை இல்லை.

வாய்தா வாங்கிக்கொண்டு வந்த அன்றிரவு, என் ஜூனியர் அர்ஜென்டினா உச்ச நீதிமன்றத்தின் சலாஸ் வழக்கை எடுத்து வந்தார்.

அந்நாட்டின் வடக்கே, சால்டா மாகாணத்தில், சாக்கோ என்ற வறள்காடு. கோடாலியை உடைப்பது என்றே பெயர் பெற்ற கெப்ராச்சோ மரம் அங்கே உண்டு. அதன் கட்டை தண்ணீரில் மூழ்கும். நம் வன்னிக்குப் பங்காளியான அல்கரோபோவின் நெற்றை இடித்து மாவாக்கி விச்சி பழங்குடியினர் சாப்பிடுவார்கள். இரண்டு புல்டோசருக்கு நடுவே கனத்த சங்கிலியைப் பூட்டி ஓட்டினால் இத்தனையும் வேரோடு சாய்ந்துவிடும். பிறகு வரிசையாகக் குவித்துத் தீ வைப்பார்கள்.

வறண்ட காட்டுக்கு ஏன் இந்தக் கதி? 1996-இல் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற சோயாவுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. உழாமலே விதைக்கலாம் என்றானது. தெற்கே பம்பாஸ் சமவெளியில் நிலவிலை ஏறியது; சோயாவுக்கு இடம்விட்டு மாடுகளும் வடக்கே வந்தன. சில பத்தாண்டுகளாக மழையும் சற்றுக் கூடியிருந்தது. சாக்கோ நிலமோ மலிவு.

என்னைத் தூங்கவிடாதது இன்னொரு விஷயம். 2007 நவம்பரில் நாடாளுமன்றம் காட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் மாகாண அரசு வெட்ட அனுமதிகளை வாரி வழங்கியது. சட்டம் கதவைத் தட்டும்போதே காட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! பழங்குடியினரும் சிறு கால்நடைக் குடும்பங்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2008 டிசம்பரில் நான்கு வட்டாரங்களில் அந்த அனுமதிகளுக்குத் தடை. 2009 மார்ச்சில் நீதிமன்றம் தடையை நீட்டித்தது. எல்லா அனுமதிகளும் சேர்ந்து காட்டையும் மக்களையும் என்ன செய்யும் என்று ஆய்வு செய்யச் சொன்னது.

'சேர்ந்து' என்ற அந்தச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலுச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அதனால் கிராம வரைபடத்தில் பதினேழு சர்வே எண்களையும் ஜூனியரைப் பச்சைப் பென்சிலால் தீட்டச் சொன்னேன். நடுவே ஓர் ஓடை மட்டும் வெள்ளையாக மிஞ்சியது. அதைத்தான் நீதிபதியிடம் நீட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தவர், "மொத்தம் எத்தனை ஏக்கர்?" என்று எதிர்த்தரப்பைக் கேட்டார்.

சீனியர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பதினேழு கோப்புகள் இருந்தன. கூட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. கணக்கிட்டுச் சொல்ல இரண்டு வாரம் கேட்டார். நீதிபதி கொடுத்தார். அதுவரை ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது என்ற இடைக்கால உத்தரவோடு.